எங்கள் லேனின் மன்றாட்டு நேரம்

அன்புள்ள யூஜினா மாமிக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து டெனிஷா எழுதுவது. அப்பாவின் காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உங்கள் பிரஷர் அடங்கி நீங்களும் சுகமாக இருக்க மாதா துணை செய்யட்டும்.

ஹெக்டர் அங்கிள் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு செபிக்கிறார். அதை முதலில் கண்டது நான்தான். நீ ஏன் கண்ணைத் திறந்தாய் என்று தயவுசெய்து கேட்கவேண்டாம். அந்தக் கண் மாதா சுரூபத்தைப் பார்க்கவில்லை மாமி, எதிரே முழங்காலில் நின்ற றஞ்சிதம் அன்ரியைப் பார்த்தது. இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வீட்டு இடது சுவருக்கு அப்பால் அங்கிள், வலது சுவருக்கு அப்பால் அன்ரி. நான் தும்மினாலே இரண்டு பக்கமிருந்தும் சுகம் விசாரிக்கிறார்கள். அதனால்தான் கடிதம். வத்தளைக்கு வேலைக்கு வரும் நிஷாந்தினி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் வத்தளைக்குக் குடிபோனதோடு, நீங்கள் நடத்திய கூட்டுச் செபம் கெட்டுப்போயிற்று. அங்கிள் தன் த்ரீவீல் ஓட்டோவை அன்ரியின் வாசலில் நிறுத்துகிறார், அன்ரி தன் பூச்சாடிகளை அங்கிள் வண்டி திருப்பும் இடத்தில் வைக்கிறா, இருவருக்கும் பேச்சுக்கதை இல்லை, ஆனால் செபத்துக்கு மட்டும் ஒருநாளும் தவறுவதில்லை, ஏனென்றால் அவர்கள் சண்டை பிடிப்பதே அங்கேதான். செபமாலை முடிந்து அவரவர் மன்றாட்டைச் சொல்லும் நேரம் வந்ததும் அன்ரி தொடங்குவா. “ஆண்டவரே, அடுத்தவங்கட வாசலை மறிச்சு வாகனம் நிப்பாட்டுற சகோதரர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்.” எல்லாரும் “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொல்லவேண்டும். சொன்னால் அன்ரியின் கட்சி. உடனே அங்கிள், “ஆண்டவரே, ரோட்டைத் தங்கட தோட்டமெண்டு நினைக்கிற சகோதரிகளையும் மன்னியும்” என்பார். அதற்குச் சொன்னால் அங்கிளின் கட்சி. கடைசி வீட்டு பற்றிக் அங்கிள் மட்டும் காது கேட்காததால் இரண்டுக்கும் ஒரே பலத்தில் சொல்கிறார். நான் இரண்டுக்கும் வாயை மட்டும் அசைத்தேன். போன திங்கள், வெளியே செருப்புப் போடும்போது பிடித்துக்கொண்டார்கள்.

“அவவுக்கு மட்டும் உன்ர குரல் கேட்டுதே பிள்ளை?” என்கிறார் அங்கிள்.

“அந்தாளுக்கு மட்டும் நல்லா வாயசைச்சனீ, கண்டனான்,” என்கிறா அன்ரி. பார்த்தீர்களா மாமி, அன்ரியும் கண் மூடுவதில்லை!

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதற்கே அழுது, ஓஎல் சோதனைக்கு முன்னமே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என்னைப் போய் இந்த வழக்குக்குச் சாட்சியாக இழுத்தால் நான் என்ன செய்வது?

இப்போது அதைவிடப் பெரிய தலையிடி. வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஒப்பரேஷன். துறைமுகத்தில் விழுந்தபோது வெறும் சுளுக்கு என்று நொண்டிக்கொண்டு வந்த மனுஷன் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில், தொடை எலும்புக்குக் கம்பி வைக்கப்போகிறார்கள், இரத்தத்தில் சீனி கூடிய வருத்தமும் இருப்பதால் டொக்டர் முகம் கொடுத்துக் கதைக்கிறார் இல்லை, அம்மா தையல் மெஷினில் தலையைக் கவிழ்த்து அழுகிறா. வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் செபம் வியாழன் மாலை எங்கள் வீட்டு முறை. “எல்லாரும் சேர்ந்து முழங்காலில நிண்டா அவருக்கு ஒண்டும் வராது,” என்று அம்மா அதையே நம்பி இருக்கிறா. எனக்குத் தெரியும், அன்றைக்கும் பூச்சாடியும் த்ரீவீலும்தான் மோட்சம்வரை போகும், அப்பாவின் கால் போகாது. ஆகவே நீங்கள் வந்து இருவரையும் அதட்டவேண்டும். நான் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அப்பாவுக்காகத் தனியே செபிப்பேன். கடவுளுக்கு என் சின்னக் குரலும் கேட்கும், நீ எந்தக் கட்சி என்றும் கேட்கமாட்டார். இனி என் வாழ்நாளில் கூட்டுச் செபத்துக்குப் போகமாட்டேன்.

மாமாவுக்கும் உங்கள் பூனைக்கும் என் அன்பு. உங்கள் கை என் தலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு,

டெனிஷா

பி.கு.: இன்று வெள்ளி காலை. நிஷாந்தினி அக்கா காய்ச்சலில் கிடந்ததால் கடிதம் இன்னும் என் கையில்தான். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நேற்று லேன் முழுக்க வந்தது, நானும் அறைக்குள் போகாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். மன்றாட்டு நேரத்தில் அங்கிள், “ஆண்டவரே, சில பேர்...” என்று இழுக்க, அன்ரி தொண்டையைச் செருமினா. அம்மாவின் தோள் குலுங்கியது. “ஆண்டவரே, எங்கட அப்பாவுக்கு நாளைக்கு ஒப்பரேஷன்,” என்றது ஒரு குரல். என்னுடையது. “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” என்று இரண்டு கட்சியும் சேர்ந்து சொன்னதில் சுவரில் தொங்கின படம் ஆடியது மாமி.

இன்று விடிய அங்கிளின் த்ரீவீல் வழக்கம்போல அன்ரியின் வாசலை மறித்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போக அம்மா அதில் ஏற, சுடுதண்ணிப் போத்தலோடு அன்ரியும் பக்கத்தில் ஏறினா.

“மெல்லமா ஓடுங்கோ, உள்ள ஆக்கள் இருக்கினம்.”

“ஏறிட்டீங்கதானே, இனிச் செபத்தைச் சொல்லிக்கொண்டு வாங்கோ.”

அவர்கள் போனதும் நான் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே செபமாலையைத் தொடங்கினேன். அருள்நிறைந்த மரியே செபத்தில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மற்றப் பாதியை எல்லாரும் சேர்ந்துதானே சொல்வோம். முதல் பாதியைச் சொல்லிவிட்டுப் பழக்கத்தில் நிறுத்தினேன். ஒருவரும் சொல்லவில்லை. எழும்பிப் போய், பற்றிக் அங்கிளின் கதவைப் பலமாகத் தட்டினேன்.