மாமாவின் தோடிக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

நல்ல ஸ்பீக்கர் வாங்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் முதுகுக்குப் பின்னால் யார் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ளத் தைரியம் இருக்கிறதா? இல்லையென்றால் மொபைலிலேயே பாட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள், குடும்பத்துக்கு நல்லது. எனக்கு இந்த ஞானம், தி.நகரில் ஒரு கடையின் ஏ.சி. குளிரில், சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்துக்கொண்டு நின்றபோது வந்தது.

என் மாமனார் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் சொந்த வீடு. இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் ஆனதும் மாடியில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே பெரிய ஹாலாக்கி, ‘சங்கீத ரூம்’ என்று பெயரும் வைத்துவிட்டார். சுவரெல்லாம் திரைச்சீலை, தரையெல்லாம் கம்பளம், நடுவில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. பாட்டு மட்டும்தான் பாக்கி. ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க மாப்பிள்ளைதான் வரவேண்டும் என்று குடும்பம் ஏகமனதாகத் தீர்மானித்தது. (சாப்ட்வேரில் இருப்பவனுக்கு மிக்ஸி, கீசர், பக்கத்து வீட்டு சிசிடிவி எல்லாம் தெரியும் என்பது அந்த வட்டாரத்தின் நம்பிக்கை.) எனக்கு ஸ்பீக்கரைப் பற்றித் தெரிந்தது ஆன், ஆஃப் மட்டும்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இணையத்தில் நாலு வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பினேன்.

வண்டியை நான் ஓட்ட, பக்கத்தில் மாமா, பின்னால் மாமி. ஆழ்வார்பேட்டை தாண்டும்போது மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

“மாப்ளே, இதுல என் சஷ்டியப்தபூர்த்திக் கச்சேரி இருக்கு. எந்த ஸ்பீக்கரா இருந்தாலும் இதைப் போட்டுக் கேட்டுட்டுத்தான் வாங்கணும்.”

அறுபதாம் கல்யாணத்தன்று சாயங்காலம், வித்வான் யாரையும் அழைக்காமல் மாமாவே மேடையேறிப் பாடிய கச்சேரி அது. சங்கீதப் பைத்தியமான அவர் நண்பர் ஒருவர் உசத்தியான மைக்குகளை வைத்துப் பதிவு செய்திருந்தார்.

“தோடி ஆலாபனை நடுவுல யாரோ ‘ஆஹா’ன்னு சொல்றா” என்றார் மாமா. “ஆத்துல இருக்கற டப்பால கேட்டா முணுமுணுப்பாத்தான் இருக்கு. ஆனா ஆஹாதான், சந்தேகமே இல்ல. யாருன்னு கண்டுபிடிக்கணும். இத்தனை வருஷமா பாடிண்டிருக்கேன், ஒருத்தர் அப்படிச் சொன்னதில்ல பாருங்கோ.”

சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர், “இன்னா சார், தூங்கினுகீறியா?” என்று கத்திய பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

அந்த இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சொன்னவன் நான்தான். சொன்னது ஆஹா இல்லை. அப்போது நான் புது மாப்பிள்ளை. பந்தியிலிருந்து சாம்பார் வாசனை மூக்கைத் துளைக்க, பக்கத்து நாற்காலிக்காரரிடம், “மாமா தோடி பாடறாரா, தோடியைத் தேடறாரா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிட எழுந்து போனேன். (அன்றைக்கு அது பெரிய நகைச்சுவையாகத் தெரிந்தது. பசித்தவனுக்கு என்னதான் தெரியாது?)

இதைக் கேட்டால் மனுஷருக்கு இருந்த ஒரே ரசிகரும் போய்விடுவார். பதிலுக்கு நான் கிடைப்பேன். நினைக்கவே பாவமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. எனவே அன்றைக்கு என் வேலை, கடையிலேயே மட்டமான ஸ்பீக்கரை மாமா தலையில் கட்டுவது.

கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். டை கட்டிய இளைஞர் ஒருவர் கோயில் குருக்கள் மாதிரி பயபக்தியுடன் எங்களைச் சோபாவில் உட்காரவைத்தார். தரையில் நிற்கும் ஸ்பீக்கர்களில் மூன்று ஜோடி வரிசையாக நின்றன. முதல் ஜோடி என் இடுப்பு உயரம். பென் டிரைவ் ஓடியது. தோடி வந்தது. முணுமுணுப்பு வந்தது, முணுமுணுப்பாகவே போனது.

“அற்புதம்!” என்று எழுந்து நின்று, மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தையை எடுத்துவிட்டேன். “மிட்ரேஞ்ச் பாத்தேளா மாமா? இதையே எடுத்துடலாம்.”

“ஆமா, இதுவே போறும், சின்னதா லட்சணமா இருக்கு” என்றார் மாமி. கல்யாணமான நாளிலிருந்து மாமி என் கட்சியில் சேர்ந்தது அதுவே முதல் தடவை. சிக்கனக்காரி, கடவுள் நன்றாக வைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“உங்க ரூம் சைஸுக்கு இது பத்தாது சார்” என்றார் இளைஞர். “சத்தம் காணாமப் போயிடும்.”

“போனாப் போகட்டுமே” என்றேன். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாவது ஜோடி என் மார்பு உயரம். அதே இடம் வந்தபோது முணுமுணுப்புக்குள்ளிருந்து ‘தோடி’ என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக எழுந்தது. மாமா துள்ளிவிட்டார்.

“கேட்டேளா? தோடிங்கறார்! ராகத்தைக் கண்டுபிடிச்சிருக்கார்!”

“போறும் மாமா, ரசிகர்தான்னு தெரிஞ்சாச்சு. பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போறது?”

“நன்றி சொல்ல வேண்டாமா?”

அவர் கண் கலங்கியிருந்தது.

மூன்றாவது ஜோடி என்னைவிட உயரம். மாடிப்படியில் ஏறாது என்றேன். கீழ் வீட்டில் குழந்தை தூங்காது என்றேன். (கீழ் வீடும் அவருடையதுதான், அங்கே குழந்தையும் இல்லை.) ஸ்பீக்கரின் ஓட்டைக்குள் பல்லி போகும் என்றேன். தூசி துடைக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டும் என்று மாமியும் கைகொடுத்தார். இளைஞர் சிரித்துக்கொண்டே விளக்கைக் குறைத்தார்.

“காதுக்குப் பூதக்கண்ணாடி சார் இது. கேளுங்க.”

தம்பூரா அறை முழுக்க நிறைந்தது. மாமா தொண்டையைச் செருமுவது என் முகத்துக்கு எதிரே கேட்டது. தூரத்தில் பந்தியில் ஒரு கரண்டி விழுந்தது. அப்புறம் வலது பக்கத்தில், ஆள் உட்கார்ந்திருப்பது போலவே, என் குரல்.

“மாமா தோடி பாடறாரா, தோடியைத் தேடறாரா?”

நாற்காலி நகரும் சத்தம். நான் சாப்பிடக் கிளம்பிவிட்டேன். அதற்குப் பின், அன்றைக்கு என் காதில் விழாமல் போன இன்னொரு குரல், பொறுமையாக:

“முப்பது வருஷமா தேடிண்டுதான் இருக்கார். நீங்க போய்ச் சாப்பிடுங்கோ மாப்ளே.”

பூமி பிளந்து விழுங்காதா என்று பார்த்தேன். கடையின் கம்பளம் அசையவில்லை. மாமி ஒரு விலைச்சீட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்து மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“இமேஜிங் எப்படி சார்?” என்று பூரித்தார் இளைஞர். “அவர் மூணாவது வரிசை, வலது ஓரம். அந்தம்மா நேர் பின்னாடி. அப்படியே கண்ணுல தெரியறாங்க இல்ல?”

மாமா மறுபடி போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் நெடுநேரம் துடைத்தார்.

“இதையே அனுப்புங்கோ.”

“மாமா, வந்து...”

“இல்லாத ஒருத்தருக்கு இத்தனை நாள் மனசுக்குள்ள நன்றி சொல்லிண்டிருந்தேன்” என்றார். “இனிமே இருக்கறவாளைத் திட்டலாம்.”

ஆனால் திட்டவும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா மெல்லக் கேட்டார், “டிகாக்‌ஷன் இருக்கா?”

“தேடிப் பாக்கறேன்” என்றார் மாமி, பழக்கதோஷத்தில்.

முதலில் சிரித்தவர் மாமாதான். அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாவியோ கண்ணாடியோ எதையும் யாரும் நிம்மதியாகத் தேட முடியாது. “என்ன, தோடியா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஸ்பீக்கரைப் பொருத்த வந்த அந்த இளைஞர், டெமோவுக்குப் பிரமாதமாக இருக்கும் என்று கச்சேரியின் பிரதி ஒன்றைக் கேட்டார். மாமா சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார். இப்போது தி.நகரில் அந்த ஜோடியைப் பார்க்க வருகிற எல்லோருக்கும் மாமாவின் தோடிதான். எந்த சபாவும் தராத மேடை. சிலர் மறுபடி போடச் சொல்கிறார்களாம்.

போன வாரம் ஆபீஸ் மீட்டிங் நடுவில் மாமாவின் போன் வந்தது.

“மாப்ளே, இன்னிக்கு அடையார்லேர்ந்து ஒருத்தர் வந்து மூணு தடவை போடச் சொல்லிக் கேட்டாராம்!”

“உங்க தோடியையா மாமா?”

அந்தப் பக்கம் ஒரு செருமல். பிறகு குரலில் அப்படி ஒரு பெருமை.

“நம்ம மூணு பேரையும்தான்.”