என் வரியைத் தின்ற கழுகு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உயிர்தான் ஊசலாடுகிறது.

"தனியாப் படிச்சாத்தான்டா பயம், இதுல நாலு பேரு சேர்ந்து படிப்பாங்க" என்று சொல்லி இந்த ஆன்லைன் பட்டப்படிப்பில் என்னைத் தள்ளிவிட்டவள் நீ. அந்த நாலு பேரில் மற்ற மூவரை நினைத்துத்தான் இப்போது நடுங்குகிறேன். பரீட்சை கிடையாதாம், சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டுமாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் பயத்தைப் போக்க ஒரு கையேடு. அவர்களுக்கு என்னென்ன பயம் என்ற முதல் பகுதி என் தலையில். எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரே கோப்பில் எழுதுகிறோம், ஆளுக்கொரு நிறத்தில் ஒரு கோடு ஓடும். நேற்று அரும்பாடுபட்டு ஒரு வரி எழுதினேன். முகத்துக்குப் பதில் கழுகுப் படம் வைத்திருக்கும் அம்மாளின் சிவப்புக் கோடு வந்து, என் கண்ணெதிரே, அந்த வரியை முழுசாகத் தின்றுவிட்டுப் போனது. ஏன் என்று கேட்கப் பயந்து கோப்பை மூடிவிட்டேன். வீடியோ கூட்டத்தில் முகம் காட்டுகிறவன் நான் ஒருவன்தான். ஒருவர் இருட்டுக்குள்ளிருந்து தும்முவார், இன்னொருவரிடம் அதுவும் இல்லை. கடைசியில் ஒருவருக்கொருவர் ரகசியமாக மார்க் போட வேண்டுமாம். கழுகு எனக்கு என்ன போடும்? பட்டம் இல்லாவிட்டால் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை கிடையாது என்று புது மேனேஜர் சொல்லிவிட்டார். மறுபடி மூட்டை தூக்க இந்த இடுப்பு தாங்காதுக்கா. வீட்டுக்காரியோ, "கழுகு பெட்டிக்குள்ளதானே இருக்கு, வெளிய வந்து கொத்தவா போகுது?" என்று சிரிக்கிறாள். நாளைக்குள் என் பகுதி போக வேண்டும், கையில் ஒரு வரி இல்லை. என் கையெழுத்து உனக்கே புரியாது என்பதால் இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. இந்தப் படிப்பை வேறு யாருக்கும் சிபாரிசு செய்துவிடாதே.

நடுக்கத்துடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: குடி முழுகியது அக்கா. காலிப் பக்கம் என்று நினைத்து, இதைப் பொதுக் கோப்பில் என் பகுதிக்கு விட்டிருந்த இடத்திலேயே அடித்திருக்கிறேன். கழுகு ஓரத்தில் எழுதியிருக்கிறது: "சார், நேத்து கை தவறி அழிஞ்சிருச்சு, உங்ககிட்ட சொல்லப் பயம். மீசையோட, கையைக் கட்டிட்டு நீங்க உக்காந்திருக்கிறதைப் பார்த்துப் பயந்துதான் நாங்க மூணு பேரும் கேமராவே போடல. உங்க பகுதி பிரமாதம். ஒரு எழுத்துகூட மாத்தாம அனுப்பிட்டேன்."

பேராசிரியருக்குப் போய்விட்டது அக்கா, என் இடுப்பு உட்பட.