டாக்டர் யசோதரனின் தைராய்டு

"டாக்டர், கறிபாப் மாதிரி இருக்கு," என்றாள் ஆய்வு உதவியாளர் ராகினி.

டாக்டர் யசோதரன் வலப்பக்கத் திரையை முறைத்தார். தைராய்டு என்றால் வண்ணத்துப்பூச்சி போல இருக்க வேண்டும். கணினி காட்டியது, கிழங்கு அடைத்து மடித்துப் பொரித்த கறிபாப்தான். ஓரத்து மடிப்புகூட இருந்தது.

பிளாஸ்டிக் கழுத்துக்குள் கதிரியக்கத் திரவத்தை ஊற்றி, நிஜமான காமா கேமரா எடுக்கும் படம் இடப்பக்கம் இருக்க வேண்டும். அதே கேமரா, கழுத்து, கதிர் எல்லாவற்றையும் கணினிக்குள் கற்பனையாக உருவாக்கி எடுத்த சிமுலேஷன் வலப்பக்கம். இரண்டும் ஒத்துப்போனால் பதவி உயர்வுக் குழுத் தலைவர் டத்தோ சீனி முகம்மது தலையாட்டுவார். யசோதரன் பேராசிரியர் ஆவார். 'பேராசிரியர்' என்ற பெயர்ப்பலகை ஜாலான் பர்மா தெருக் கடையில் ஏற்கெனவே தயார்.

அதைப் பார்க்க வரும் டத்தோ, தீவுக்கான பாலத்தைத் தாண்டிவிட்டாராம்.

"டாக்டர், காலையிலயே சொல்ல வந்தேன். கேமரா ரிப்பேர், அதனால பழைய படம் ஒண்ண..."

"ரிப்பேர் கதையெல்லாம் எனக்கு வேணாம்னு காலையிலயே சொன்னேன்ல? இடப்பக்கம் ஒரு நல்ல படம் இருக்கணும். இருக்கு. முடிஞ்சிச்சு லா! நீ கதிர கூட்டு."

கூட்டினாள். கறிபாப் உப்பி ரொட்டி சானாய் ஆனது.

"கேமராவ கிட்ட நகர்த்து!"

ரொட்டியில் பாதியைக் காணோம்.

"யாரோ கடிச்சிட்டாங்க டாக்டர்."

"வாய மூடு. ஓரத்தயெல்லாம் வழவழன்னு ஆக்கு!"

ஆக்கினாள். தேங்காய்ப்பாலில் நெளியும் பச்சைச் செண்டோல்.

கதவு திறந்தது. டத்தோ உள்ளே வந்து இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன டாக்டர், ரெண்டும் வேற வேறயா இருக்கு?"

யசோதரன் டையைச் சரிசெய்துகொண்டார்.

"என் சிமுலேஷன் சரிதான் டத்தோ. உண்மைதான் தப்பு."

"அப்படியா?"

"இடப்பக்கத்த பாருங்க. உலகத்துல எந்தத் தைராய்டாவது இவ்வளவு அழகா இருக்குமா? இது சின்னப் பிள்ளை வேலை! இதச் செஞ்ச ஆளுக்குப் பதவி உயர்வு இல்ல, பியூன் வேலைகூடக் குடுக்கக் கூடாது."

"டாக்டர்..." என்றாள் ராகினி.

"நீ சும்மா இரும்மா!"

டத்தோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடப்பக்கத் திரையருகே குனிந்தார்.

"சரி, குடுக்கல. ஆனா டாக்டர், போன பெருநாளுக்கு எங்க வீட்டுக்கு பிரியாணி சாப்பிட வந்தப்ப, 'என் சிமுலேஷன்'னு கையெழுத்துப் போட்டு, பிரேம் மாட்டி, நீங்க குடுத்தது இந்தப் படந்தானே?"