குரங்குப் பொம்மைக்காக ஒரு சாவு

பொம்மை வாங்குவதற்காக ஆளையே கொன்ற குடும்பம் எங்களுடையது. கொன்றவர் சித்தப்பா. தூண்டிவிட்டவள் நான், வயது எட்டு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எனக்குப் பிடித்த பொம்மைக் கடை இருந்தது. சாவி கொடுத்தால் ஜால்ரா தட்டும் குரங்கு ஒன்று அங்கே கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும். என் காதுகுத்துக்கு அதை வாங்கித் தருவதாக வாக்கு. அதற்குள் மறியல் தொடங்கி பஸ் நின்றுவிட்டது. நான் சாப்பிட மறுத்தேன். (கறிக்குழம்பு வைக்கும்வரைதான்.) மனசு கேட்காமல் சித்தப்பா என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு நைனார்பாளையத்திலிருந்து கிளம்பினார்.

வழியில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் போகிறவர்களுக்கு மட்டும் வழி. அது தெரிந்துதான் சித்தப்பா ஒரு மாலையை வாங்கி என் மடியில் வைத்திருந்தார்.

"யாருங்க தவறிட்டாங்க?"

சித்தப்பா வாயில் அந்த நேரத்தில் வந்தது அத்தையின் கணவர். "எங்க மாமாங்க. கள்ளக்குறிச்சில அரிசி மண்டி வச்சிகினு இருந்தாரே..."

"அய்யோ, அவரா? நேத்துகூட நல்லாத்தான இருந்தாரு!"

அவர்களே மொபெட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "அழுவாத பாப்பா" என்று ஒருவர் என் தலையைத் தடவினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

கடையில் பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. குனிந்து நுழைந்து குரங்கை வாங்கினோம். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் சித்தப்பா அதைக் கடையிலிருந்த சாமி படத்துக்குப் போட்டார். கடைக்காரர் அவருடைய பக்தியில் உருகி எனக்கு ஒரு பலூன் கொடுத்தார்.

திரும்பி வந்தால், அதே புளியமரத்தின்மேல் மாமா உட்கார்ந்திருக்கிறார். மறியல்காரர்கள் மாலையோடு துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறார்கள். மாமா மண்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

"வா மச்சான்," என்றார் மாமா. "என்ன எங்க பொதைச்ச?"

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள், என் மடியில் இருந்த குரங்கு ஜால்ராவைத் தட்ட ஆரம்பித்தது. மறியலே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

"ஒங்க அக்கா சேதி கேட்டுத் தெருவுலயே மயங்கி வுழுந்துட்டாடா."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மாமா குரங்கைப் பிடுங்கிக்கொண்டார். "இது எஞ் சாவுக்கு வந்த பொருளு. எனக்குத்தான் சேரும்." அதன் பிறகு அது மண்டியில்தான் இருந்தது, நான் போனால் தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் சாவு சொன்னாலும், "பொம்மைக் கடைக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

போன வருடம் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். மாமா தள்ளாத வயதில் மாலையோடு வந்தார். வாசலிலேயே நின்று, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"நெஜமாத்தானா?"

நான் தலையாட்டினேன். அதன் பிறகுதான் அவர் அழுதார்.