பேட்டரிக்குப் போர்வை

செம்பாக்கம்,
ஜனவரி மாதம்.

அன்புள்ள மச்சான் ஷாகுலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் உன் அக்கா சபீஹாவும் இங்கே நலம். நீயும் உன் பிள்ளைகளும் கனடாப் பனியில் வழுக்கி விழாமல் கை கால் பத்திரமாக இருக்க துஆ செய்கிறேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். குடும்ப குரூப்பில் எழுதினால் நீ ஒரு மஞ்சள் மூஞ்சியைச் சிரிக்கவிட்டுப் போய்விடுகிறாய். காகிதத்தில் அது முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

"மச்சானுக்கு இந்த வயசுல எலக்ட்ரிக் சைக்கிளா? குளிர்காலம் வரட்டும், பேட்டரி பாதி வழியில படுத்துக்கும்" என்று அந்த குரூப்பில் நீ எழுதினாய். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வராத சொந்தமெல்லாம் அதைப் பார்த்தது. என் மகன் அசாருக்கு அது போதுமே! நான் நாகூருக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் பழைய ஸ்கூட்டரை விற்றவன் அவன். மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் என் பை கடையை மொபைல் கடைக்காரர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும், நான் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டும், இதுதான் அவன் திட்டம். உன் மெசேஜைக் காட்டி, "வாப்பா, ஒரே ஒரு நாள் வழியில நின்னு எனக்கு போன் பண்ணீங்கன்னா, சைக்கிள் சாவியும் கடைச் சாவியும் என் கைக்கு வந்துடணும்" என்றான். சரிடா என்றேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல், பழைய பைகளைப் பிரித்துப் பார்த்தே தையல் கற்றுக்கொண்டவன் நான். ஒரு சைக்கிளுக்கா பயப்படுவேன்?

வண்டியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். ஷோரூமில் கிரீஷ் என்று ஒரு தம்பி, "பேரனுக்கா சார்?" என்று ஆரம்பித்தான். எனக்குத்தான் என்றதும் பெடலே இல்லாத வண்டியாகக் காட்டினான். நான் பெடல் உள்ளதாகக் கேட்டேன். கரண்ட் போனாலும் கால் இருக்கிறதே! மிதித்தால் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் யாரோ பிடித்துத் தள்ளுவது போல இருக்கும். எல்லாம் சரி, மைனஸ் இருபதில் ஓடுமா என்று கேட்டேன். "தாம்பரத்துல மைனஸ் இருபது எப்ப சார் வரும்?" என்றான். வந்தால்? அவன் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தான். அவர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதனால்தான் உன்னிடமே கேட்டேன். குளிர்காலத்தில் நீ சைக்கிளை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று நீ பேசி அனுப்பினாயே, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒன்றுவிடாமல் செய்தேன். என்னைப் பிடிவாதக்காரன் என்கிறார்கள். உன் சொல்லை இந்தக் குடும்பத்தில் கேட்டவன் நான் ஒருவன்தான். டயருக்குக் காற்றைக் குறைக்கச் சொன்னாய், குறைத்தேன். பனியில் வழுக்காமலிருக்க ஆணி வைத்த டயர் போடச் சொன்னாய். பங்க்சர் கடை தேவராஜிடம் போய்க் கேட்டேன். அவன் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா பாய், நான் ஆணிய புடுங்கறதுக்குக் கடை போட்டுகினு கீறேன், நீ காசு குடுத்து அடிக்கச் சொல்றியா? வூட்ல எதுனா பேஜாரா?" என்றான். இந்த ஒன்றுதான் நடக்கவில்லை. குறை என்னுடையதல்ல.

பேட்டரியை வெளியில் விடக்கூடாது, வீட்டுக்குள் கதகதப்பாக வைக்க வேண்டும் என்றாய். தினம் கழற்றிக் கொண்டுவந்து, உன் அக்காவின் சால்வையில் சுற்றி, அதன் மேல் ஒரு போர்வையும் போட்டுக் கட்டில் பக்கத்தில் படுக்க வைத்தேன். காற்று படுமே என்று ஃபேனையும் நிறுத்தினேன். சபீஹாவுக்கு வந்ததே கோபம்! "பேட்டரிக்குப் போர்வை, எனக்குக் கொசுவா? அதுக்கு ஒரு தலகாணியும் வெச்சு, பக்கத்துல நீங்களே படுத்துக்கங்க, நான் ஹாலுக்குப் போறேன்" என்றாள். போயும் விட்டாள். தம்பி சொன்னதைத்தான் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். உனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அதை இங்கே எழுதவில்லை.

கையில் குளிர் ஏறாமலிருக்க ஹேண்டில்பாரில் உறை மாட்டச் சொன்னாய் அல்லவா? அங்கேதான் என் கைத்திறனைப் பார்க்க வேண்டும். ஸ்கூல் பைக்கான கெட்டி ரெக்சின், உள்ளே கனமான ஸ்பாஞ்ச், இரட்டைத் தையல், பிரேக்கையும் சேர்த்துச் சிக்கென்று பிடிக்கும். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது. கடைக்கு வந்தவர்கள் விலை கேட்டார்கள். ஷாகுல், அந்த உறையை மாட்டிய நாளிலிருந்து பேட்டரி இறங்குவதே நின்றுவிட்டது! காலையில் நான்கு கோடு, தாம்பரம் போய்ச் சேர்ந்தால் நான்கு கோடு, திரும்பி வந்தாலும் அதே நான்கு கோடு. சார்ஜ் போடுகிற வேலையே இல்லாமல் போயிற்று. குளிரில் பேட்டரி கால்வாசி காலியாகிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னாயே, இப்போது என்ன சொல்கிறாய்? பராமரிக்கிற விதத்தில் பராமரித்தால் உங்கள் ஊர்ப் பேட்டரியும் ஒழுங்காக இருக்கும்.

குளிரில் வண்டி கொஞ்சம் மந்தமாகும் என்றும் சொல்லியிருந்தாய். அது உண்மை. மார்கழிப் பனியில் மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, ஸ்வெட்டருக்குள் வேர்த்துக் கொட்டுகிறது. ஒரு கண்டக்டர் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, "பெருசு, எறங்கித் தள்ளிக்கினு போ!" என்று கத்தினார். இறங்குவேனா? உச்சியில் போய் நின்று அவருக்கு சலாம் வைத்தேன். இன்னொரு விஷயம். டாக்டரம்மா மெட்டில்டா போன வாரம் பரிசோதித்துவிட்டு, சர்க்கரை இறங்கியிருக்கிறது, எடையும் குறைந்திருக்கிறது என்றார். பேண்ட் நிற்க மாட்டேன் என்கிறது. அந்த மோட்டாரின் அதிர்வில் உடம்புக்கு ஏதோ நன்மை இருக்கிறது. உங்கள் ஊர் விஞ்ஞானிகளிடம் கேட்டுச் சொல்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் புயல்மழை கொட்டியதே, அன்று ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்தில் முழங்கால் தண்ணீர். அதன் நடுவில் ஒரு கார் நின்றுபோயிருந்தது. உள்ளே உன் மருமகன் அசார்! நான் மணியடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். கண்ணாடியை இறக்கினான். "வழியில் நின்றுவிட்டாயா? யாருக்காவது போன் போடட்டுமா?" என்று கேட்டேன். "வாப்பா, விளையாடாதீங்க" என்றான். பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினான். பின்னால் ஏறு என்றேன். அவன் எப்படி இருப்பான் என்று உனக்குத் தெரியும், மருமகள் ருக்ஸானா போடும் பிரியாணி அப்படி. ஏரிக்கரை ரோட்டில், கொட்டுகிற மழையில், அவனை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது இந்த வண்டி. தெருவே பார்த்தது. எதிர் வீட்டு ஞானாம்பாள் டீச்சர் குடையோடு நின்று பார்த்தார். அசார் அன்று முதல் கடைச் சாவியைப் பற்றி வாய் திறப்பதில்லை. மொபைல் கடைக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட வண்டி, மாஷா அல்லாஹ்! ஆகவே குரூப்பில் நீ எழுதியதை, அதே குரூப்பில் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உன் வீட்டாருக்கு எங்கள் சலாம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் கையும் காலும் உன் சைக்கிளும் எந்தப் பனியிலும் உறையாமல் அல்லாஹ் காப்பானாக.

இப்படிக்கு,
உன் மச்சான்,
சௌகத் அலி.

பி.கு.: கடிதத்தை நேற்றே ஒட்டியிருக்க வேண்டும். அதற்குள் உன் அக்கா நாற்றம் தாங்கவில்லை என்று ஹேண்டில்பார் உறைகளைக் கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டாள். இன்று காலை உறையில்லாமல் ஏறி வழக்கம்போல ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து, ஞானாம்பாள் டீச்சர் அப்போதுதான் போட்டு முடித்த கோலத்தின் நடுவில் போய் நின்றது. "பாய், கோலம்! கோலம்!" என்று அவர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. பிரேக்கை லேசாக அழுத்தினாலே மோட்டார் நின்றுவிடும்படி இந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள். என் தையலின் இறுக்கத்தில் பிரேக் எப்போதும் கொஞ்சம் அமுங்கியே இருந்திருக்கிறது. உறை மாட்டிய நாள் முதல் மோட்டார் ஓடவே இல்லை. சபீஹாவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ அன்னிக்கு மழையில அசாரை வெச்சு மிதிச்சுக்கிட்டு வந்தது?" என்றாள்.

எனவே மேலே வண்டியைப் புகழ்ந்து எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, அந்த இடங்களில் என் பெயரைப் போட்டுக்கொள். குரூப்பில் வாபஸ் வாங்க வேண்டாம், நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். உறைகள் மாடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன. நாளை மறுபடி மாட்டிவிடுவேன். கைக்குக் குளிர்கிறது.