ஒன்றே முக்கால் அங்குலம்

மனித நாகரிகம் எதிலிருந்து தோன்றியது என்பது பற்றி மேல்நாட்டு அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை. சிலர் நெருப்பு என்கிறார்கள், சிலர் சக்கரம் என்கிறார்கள். இரண்டும் பிசகு. நாகரிகம் தாடையிலிருந்து தோன்றியது. தாடை இல்லாவிட்டால் வாய் இல்லை. வாய் இல்லாவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லாத இடத்தில் நாகரிகத்துக்கு என்ன வேலை? இந்த மகத்தான உண்மையை உணர்ந்து, வாய், தாடை சம்பந்தமான சகல வியாதிகளையும் கோணல்களையும் ஆராய்வதற்கென்றே ஒரு சங்கம் ஏற்படுத்திய பெருமை 1934-ஆம் வருஷத்து மயிலாப்பூரைச் சேரும். வாயால் பிழைக்கும் வக்கீல்கள் நிறைந்த பேட்டையாதலால் இடப்பொருத்தமும் இருந்தது.

'வாய் தாடை ஆராய்ச்சி மகாசங்கம்' கச்சேரி ரோட்டில் ஒரு மாடியில் நடந்தது. அக்கிராசனர், ரிடையர்டு சப்ஜட்ஜ் ராவ்பகதூர் கஸ்தூரிரங்கன். ஆராய்ச்சி டைரக்டர், சீமையில் பல் வைத்தியம் படித்துவிட்டு வந்து, தியாகராய நகரில் பங்களா கட்டி, வாசலில் போர்டும் மாட்டி, நோயாளிகளுக்காகக் காத்திருந்த டாக்டர் கங்காதரன். தமிழ் ஆலோசகர், அடையாறு வித்துவான் ரங்கனார். கௌரவ காரியதரிசி அடியேன். எனக்குத் தாடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதற்காகவே ராவ்பகதூர் என்னை, தாம் தலைமை வகித்த 'கடற்கரைச் சாலைச் சீர்திருத்தக் கமிட்டி'க்கும் காரியதரிசி ஆக்கியிருந்தார். என் மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தருவதாகவும் வாக்களித்திருந்தார். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை என் பொதுஜன சேவை ஆர்வம் குறைவதற்கில்லை.

முதல் வருஷத்தில் சங்கம் நாற்பத்திரண்டு கூட்டங்கள் கூட்டி, பத்தொன்பது விதிகள் இயற்றியது. அவற்றில் தலைசிறந்தது பதினாலாவது விதி: 'நோயாளி தம் சம்மதத்தை வாய்மொழியாகத் தெரிவித்தாலன்றி, யாரும் அவர் வாயில் கை வைக்கலாகாது. கைநாட்டு செல்லாது.' சர்வீசில் இருந்தபோது ராவ்பகதூரைப் பொய்க் கைநாட்டுகள் பலமுறை ஏமாற்றியிருந்தன. அதனால் கட்டை விரல் என்றாலே அவருக்கு ஆகாது.

விதிகள் இருந்தன, டாக்டரிடம் 'தாடைமானி' என்று பாக்குவெட்டி ஜாடையில் ஒரு பித்தளைக் கருவியும் இருந்தது. நோயாளிதான் இல்லை. நோயாளிகள் சங்கத்தைத் தேடி வராவிட்டால் சங்கம் நோயாளிகளைத் தேடிப் போவது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, ஒரு திங்கட்கிழமை மாலை, நொச்சிக்குப்பத்து மணலில் 'வாய்ச் சுகாதாரம்' பற்றி ராவ்பகதூரின் உபந்நியாசம் ஏற்பாடு செய்தோம்.

குப்பமே திரண்டு வந்துவிட்டது. காரணம் சுகாதாரம் அல்ல. வரும் வியாழக்கிழமை சீர்திருத்தக் கமிட்டியில் ஒரு விசாரணை இருந்தது. கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்கும் பெண்களை அங்கிருந்து எழுப்பி, கோடம்பாக்கத்துக்கு மேற்கே ஒரு பொட்டலில் உட்கார வைப்பது என்பது யோசனை. ராவ்பகதூரின் மாடி ஜன்னல் அந்தச் சாலையைப் பார்த்துத் திறக்கும் என்பதற்கும் இந்த யோசனைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவரே என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். கோடம்பாக்கத்தில் கடல் இல்லையே என்று நான் கேட்டதற்கு, "அதனாலதான் ஓய் அந்த இடம் விசேஷம்" என்றார். எழுப்பிவிட்டால் நூற்றுப் பத்துக் குடும்பங்களில் அடுப்பு எரியாது. ஆகவே தீர்ப்புச் சொல்லப்போகிறவர் பல்லைப் பற்றிப் பேசினாலும் பவ்யமாகக் கேட்பதென்று குப்பத்தார் முடிவு செய்திருந்தார்கள்.

முன்வரிசையில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். சாந்தோம் பக்கத்தில் அவள் "வஞ்சிரம்" என்று கூவினால் லஸ்ஸில் பூனைகள் எழுந்து உட்காரும், அப்படிப்பட்ட குரல். அதற்காகவே பெண்கள் எல்லோரும் கூடி, வியாழக்கிழமை தங்களுக்காகப் பேச அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆட்சேபம் சொல்ல ஒருவருக்குத்தான் அனுமதி, அவர் பெயரையும் முன்னதாகப் பதிய வேண்டும் என்பது கமிட்டியின் நிபந்தனை. பதிவுப் புஸ்தகத்தில் 'தேசம்மா' என்று முத்து முத்தாக எழுதியவன் நான்தான்.

உபந்நியாசத்தின் ஒரு மணி நாற்பதாவது நிமிஷத்தில் தேசம்மா கொட்டாவி விட்டாள். 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் வாய் மூடவில்லை. இரண்டு கையாலும் மோவாயை ஏந்திக்கொண்டு விழித்தாள்.

ராவ்பகதூர் அதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அதோ, ஒரு ஸ்திரீ எப்படி வாயைப் பிளந்துண்டு கேக்கறாள், பாருங்கோ" என்று சொல்லி, மேற்கொண்டு அரைமணி நேரம் பேசினார். ஒரு வியாதியை உண்டாக்கி, அதே மேடையில் அதற்காகப் பெருமையும் பட்ட சங்கம் உலகத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் தேசம்மாவின் நாத்தனார் பச்சையம்மா ஓடி வந்தாள். "சாமி, இவ வாயி மூட மாட்டேங்குது. இன்னான்னு பாரு சாமி."

டாக்டர் கங்காதரன் எட்டிப் பார்த்தார். ஒரு வருஷமாக அவர் முகத்தில் நான் காணாத ஒளி வந்தது. "இது அபூர்வம்" என்றார்.

எங்களை ஜட்காவில் கூட்டிவந்த மெஹபூப் பாஷாவும் எட்டிப் பார்த்தார். கிண்டிப் பந்தய லாயத்தில் இருபது வருஷம் குதிரை பார்த்தவர் அவர். "தாடை எறங்கிகீது சாப், வேற ஒண்ணும் இல்ல. குதிரைக்கு எத்தினி வாட்டி பண்ணிகீறேன். ரெண்டு கட்டை வெரலையும் கடவாப் பல்லு மேல வச்சு, கீழ அமுக்கி, பின்னால தள்ளுனா குந்திக்கும். தள்ளிக்கோங்க, ஒரு நிமிசம்" என்று தலைத்துணியை அவிழ்த்து விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"குதிரைக்குப் பண்றதை மனுஷாளுக்குப் பண்ணுவாளா?" என்றார் டாக்டர். "மொதல்ல அளக்கணும்."

"கட்டை விரலா?" என்றார் ராவ்பகதூர். "ஓய் காரியதரிசி, பதினாலாவது விதியை வாசியும்."

வாசித்தேன். தேசம்மா பாஷாவைக் கையால் காட்டி, "ஆ, ஆ" என்றாள். அது வாய்மொழியா என்பதை மறுநாள் நிர்வாக சபை முடிவு செய்யும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் வெளி வைத்தியம் ஏதாவது செய்தால் சங்கத்தை அவமதித்ததாகும் என்றும், அவமதிப்பை வியாழக்கிழமை தாம் மறந்துவிட முடியாது என்றும், வியாழனுக்குள் சங்கமே குணப்படுத்திவிடும் என்றும் ராவ்பகதூர் சொன்னார். பச்சையம்மா யோசித்தாள். பிறகு பாஷாவைப் பார்த்து, "வேணாம் பாய். ஐயரு மனசு கோணாம நடந்துக்குவோம்" என்றாள். பாஷா துணியைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் சங்க சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. நோயாளியை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தோம். டாக்டர் தாடைமானியை வைத்துப் பார்த்து, "ஒன்றே முக்கால் அங்குலம்" என்றார். சபை கைதட்டியது. நான் ஆராய்ச்சிப் புஸ்தகத்தில் எழுதினேன். பிறகு 'ஆ' என்பது சம்மதமா, ஆட்சேபமா என்ற பிரச்னை வந்தது.

வித்துவான் ரங்கனார் எழுந்தார். "'ஆ' என்பது ஓரெழுத்து ஒருமொழி. பசு என்று பொருள். இந்த அம்மை இருமுறை சொன்னமையால் இரண்டு பசு கேட்கிறாள் எனக் கொள்வதே இலக்கண முறை."

"பசுவுக்குச் சங்கத்தில் இடமில்லையே" என்றார் ராவ்பகதூர்.

"பசு வேணாம் சாமி" என்றாள் பச்சையம்மா. "பசிக்குதுன்னு சொல்றா. நேத்துலேர்ந்து சோறு இல்ல."

"நோயாளிக்காக மற்றவர் பேசுவது வாய்மொழி ஆகாது" என்று ராவ்பகதூர் தீர்ப்பளித்தார். பச்சையம்மா ஒரு மூலைக்குப் போய், குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கால் தேசம்மாவுக்குக் கஞ்சி வார்த்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி முந்தானையில் வழிந்தது. பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மினிட்டு புஸ்தகத்தில் கஷ்டத்துக்குத் தனிப் பத்தி கிடையாதாகையால் அதை எழுதவில்லை.

புதன்கிழமை தியாகராய நகரில் ஒரு கல்யாணம். ராவ்பகதூரும் டாக்டரும் முகூர்த்தத்துக்குப் போய்விட்டார்கள். தேசம்மாவும் பச்சையம்மாவும் காலையிலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் வெளியே வந்து, "இன்னிக்கு வாய்தா" என்று சொன்னேன். பல வருஷம் கோர்ட்டில் புழங்கிய அந்தச் சொல் எவ்வளவு அழகானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. 'வாய் தா' என்றுதானே அந்த அம்மாளும் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு விசாரணை ஆச்சே ஐயரே" என்றாள் பச்சையம்மா. "இவ பேசலேன்னா எங்க பொழப்பு போயிடும்."

"நாளைக்குள்ள எல்லாம் சரியாயிடும்" என்றேன். 

வியாழக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி கூடியது. குப்பத்துப் பெண்கள் ஹால் வாசல்வரை நிறைந்து நின்றார்கள். தேசம்மா அலசிய சேலை உடுத்தி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு முன்னே வந்தாள். டாக்டர் கங்காதரன், விஞ்ஞானத்தில் புதன்கிழமை போல் இன்னொரு நாளும் விட்டுப்போகக் கூடாதென்று, தாடைமானியுடன் அங்கேயும் வந்திருந்தார். விசாரணை ஆரம்பிக்குமுன் முந்தானையை விலக்கி அளந்து, "அதே ஒன்றே முக்கால். ஒரு நூல் குறையலை" என்று என் காதில் சொன்னார். ஆராய்ச்சிப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

ராவ்பகதூர் மேஜையைத் தட்டினார். "பதிவான ஆட்சேபக்காரர் தேசம்மா. உமக்கு ஆட்சேபம் உண்டா?"

"ஆ" என்றாள் தேசம்மா.

"இரண்டாந்தரம் கேட்கிறேன். ஆட்சேபம் உண்டா?"

"ஆ, ஆ."

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. லஸ்வரை போகும் குரல் தொண்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. பச்சையம்மா முன்னால் பாய்ந்து, "நான் சொல்றேன் சாமி, எங்கள எழுப்பாதீங்க, கோடம்பாக்கத்துல கொண்டு வச்சா மீனு போய்ச் சேர்றதுக்குள்ள" என்று ஆரம்பித்தாள்.

"நீர் பதிவானவர் அல்ல. உட்காரும். மூன்றாந்தரம் கேட்கிறேன்" என்றார் ராவ்பகதூர். தேசம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கண்ணீரும் வாய்மொழி ஆகாது. அவர் என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "எழுதிக்கும். 'ஆட்சேபக்காரர் மூன்று முறை கேட்கப்பட்டும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.'"

என் பேனா ஒரு கணம் நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, மேஜை மேல் வைத்து, "மாப்பிள்ளை சௌக்கியந்தானே?" என்று விசாரித்தார். பேனா ஓடியது.

கூட்டம் கலைந்து வாசல் படியில் இறங்கும்போது, ஜட்காவை நிறுத்திவிட்டு மெஹபூப் பாஷா காத்திருந்தார். யாரையும் கேட்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்து இரண்டு கட்டை விரலிலும் சுற்றினார். "மூணு நாளு ஆயிட்சு. கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ யம்மா" என்று சொல்லிவிட்டு அமுக்கித் தள்ளினார். தேசம்மா ஒரு முறை முனகினாள். 'கடக்.' வாய் மூடிக்கொண்டது. டாக்டர் கங்காதரன் பதறிப்போய், "ஐயோ, நாளைய அளவு போச்சே" என்றார்.

தேசம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டாள். மெதுவாக வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பிறகு என்னிடம் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஐயரே, நீதானே எழுதிக்கினு இருந்தே. ஒண்ணு கேக்குறேன், சொல்லு. என் வாயி தொறந்து கெடந்துச்சா, மூடிக்கினு கெடந்துச்சா?"

என் கையில் இரண்டு புஸ்தகங்கள் இருந்தன. ஆராய்ச்சிப் புஸ்தகத்தில், 'வியாழன், மாலை நாலு மணி. தேசம்மா. வாய் திறப்பு ஒன்றே முக்கால் அங்குலம்.' கமிட்டி மினிட்டில், 'வியாழன், மாலை நாலு மணி. தேசம்மா. வாய் திறக்கவில்லை.' இரண்டும் ஒரே மை, ஒரே முத்து முத்தான கையெழுத்து. ஹால் கதவு இன்னும் சாத்தவில்லை. ராவ்பகதூர் உள்ளேதான் இருந்தார். திரும்பிப் போய்ப் புஸ்தகத்தைப் பிரித்துக் காட்டியிருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் படியோரம் வைத்திருந்த மீன்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் டாக்டர் கங்காதரனிடம் போய் என் வாயைக் காட்டினேன். அவர் தாடைமானியை வைத்துப் பார்த்தார், தட்டினார், விளக்கு வைத்துப் பார்த்தார். பற்கள் கெட்டி, நாக்கு சுத்தம், தாடை தாராளமாக இரண்டு அங்குலம் திறக்கிறது, ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சங்கத்தின் வருஷ அறிக்கையில், முதல் நோயாளி தேசம்மாவுக்குக் கீழே, இரண்டாவது நோயாளியாக என் பெயரைச் சேர்த்திருக்கிறேன். வியாதிக்கு டாக்டர் இன்னும் பெயர் வைக்கவில்லை. அந்தப் பத்தியில் நானே எழுதியிருக்கிறேன்: 'வாய் திறக்கவில்லை.'