பட்டியலின் முதல் இடத்திலிருந்து என் கணவரை இறக்கிவிடக் கோரி

விளையாட்டுப் பகுதி ஆசிரியர் திரு. ஸிக்மாஸ் நொர்வைஷா அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த ஈரக் காற்றில் தங்கள் இடுப்பு வலி கூடாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். எங்கள் வீட்டில் ஒருவரும் நலமில்லை. அதற்குத் தாங்கள்தான் காரணம் என்பதால் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதாகிவிட்டது. இருபது வருடமாக மாட்டு வைத்தியம் பார்ப்பவள் நான். சுற்றி வளைத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளவும்.

சென்ற அக்டோபரில் தங்கள் பத்திரிகையில் 'ஓய்வுக்குப் பின் சிறந்த பயிற்சியாளராகக்கூடிய ஐந்து கூடைப்பந்து வீரர்கள்' என்று ஒரு கட்டுரை எழுதினீர்கள். அதில் முதல் பெயர் என் கணவர் ராமூனாஸ். மூன்று காரணங்களும் கொடுத்திருந்தீர்கள். அவர் அதிகம் பேசுவதில்லை, ஆகவே ஆழமாகச் சிந்திப்பவர். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் களத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஏழடி உயரத்திலிருந்து ஆட்டத்தை முழுமையாகப் பார்த்துப் பழகியவர். ஐயா, இதை எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அவர் பேசாமலிருப்பது பேச ஒன்றும் இல்லாததால். என்னைத் திருமணத்துக்குக் கேட்டபோதே "அப்புறம்?" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார், மிச்சத்தை நான்தான் நிரப்பிக்கொண்டேன். பெஞ்சில் கண்ணை எடுக்காததற்குக் காரணம், அவருக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்க வரும். குதிரைகளிடம் இப்படிப் பார்த்திருக்கிறேன், மனிதரில் இவர் ஒருவர்தான். உயரம்தான் தகுதி என்றால் ரயில்வே நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியை நம் தேசிய அணிக்கே பயிற்சியாளராகப் போடலாம்.

ஓய்வுக்குப் பிறகு ஏரியில் மீன் பிடிப்பது, பிடித்ததைப் புகைபோட்டு விற்பது என்று முப்பத்தெட்டு வயது மனிதர் ஒழுங்காகத் திட்டம் போட்டு வைத்திருந்தார். தங்கள் கட்டுரையைப் படித்தார். கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டினார். மறுநாள் ஆட்டத் திட்டம் வரைவதற்கென்று காந்தப் புள்ளிகள் வைத்த ஒரு பலகையும் பேனாக்களும் வந்து சேர்ந்தன. முதல் பயிற்சி எங்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்ய எங்கள் இரண்டு பெண்களையும் என்னையும் சமையலறையில் நிறுத்தி, யார் துருவுவது, யார் பிழிவது, யார் எந்தப் பக்கம் நகர்வது என்று பலகையில் அம்புகள் போட்டார். அம்பு சொன்னபடியே நான் நகர்ந்தேன். அம்பு சொன்னபடியே பெரியவளும் நகர்ந்தாள். இருவரும் மோதி, மூன்று கிலோ துருவல் தரையில். அவர் பலகையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இதைத்தான் தாங்கள் ஆழம் என்று எழுதியிருந்தீர்கள்.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. பிப்ரவரியில் நம் ஊர் அணியின் பயிற்சியாளர் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய அணிக்குப் போய்விட்டார். அணி நிர்வாகத்தின் தலைவர் ப்ரோனியுஸ், மரவாடி வைத்திருப்பவர், நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் எடுத்துச் சொன்னேன். என் கணவர் பந்து போடுவார், பந்தைத் தடுப்பார், மற்றவரிடம் ஒரு விஷயத்தை விளக்க அவரால் ஆகாது, பெரியவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே பக்கத்து வீட்டு ஆள்தான் என்றேன். ப்ரோனியுஸ் காபியை உறிஞ்சிக்கொண்டே, "பேப்பர்லயே போட்டிருக்காங்க டாக்டர். அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு?" என்றார். கூடவே வாழ்பவள் பேச்சு எடுபடவில்லை, தாங்கள் பார்க்காமல் எழுதியது எடுபட்டது.

என் கணவர் ஆடுவதை விட்டுப் பயிற்சியாளரானார். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றோம். தோல்வியை விடுங்கள், அவர் ஆலோசனை சொல்ல வேண்டிய அந்த டைம் அவுட் இடைவேளைகளை நான் எப்படி மறப்பேன்? தொலைக்காட்சிக்காரர்கள் வீரர்களின் தலைகளுக்கு நடுவே மைக்கை நீட்டுவார்கள். லிதுவேனியா முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேட்பதெல்லாம் பன்னிரண்டு பேர் மூச்சு வாங்கும் சத்தம். அறுபது விநாடி முடியும்போது, "போங்க" என்பார். நான்காவது ஆட்டத்தில் புதிதாக வந்த சென்டர் ஆட்டக்காரன் ஒருவன் கூடைக்கு அடியில் திணறிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு, "பந்தை வாங்கு. திரும்பு. போடு" என்றார். அவன் எப்படித் திரும்புவது என்று கேட்டான். "திரும்பு" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டான். என் கணவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இருபது வருடம் திரும்பியவர், எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கடைசியில் செய்து காட்டலாம் என்று கோட்டும் சூட்டுமாகக் குனிந்து திரும்பினார். கால்சட்டை முன்னிருந்து பின்வரை பிரிந்தது. அதை நான்கு கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு என்னால் ஊரில் தலை காட்ட முடியவில்லை. பேக்கரியில் எனக்கு மட்டும் நேற்றைய ரொட்டி. ஒரு பண்ணையில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு, தோள்வரை பசுவுக்குள் கையை விட்டு நான் போராடிக்கொண்டிருக்கிறேன். பண்ணைக்காரர் வாளியைப் பிடித்துக்கொண்டு, உங்க ஆளு டைம் அவுட்ல ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு என்று விசாரிக்கிறார். கன்று பிழைத்தது. என் மரியாதை பிழைக்கவில்லை.

ஆறாவது ஆட்டம்தான் கடைசி. தோற்றால் நம் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். நானும் பெண்களும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். நாற்பது விநாடி பாக்கி, இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம், பந்து நம்மிடம். ராமூனாஸ் டைம் அவுட் கேட்டார். பலகையை மடியில் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. பதினைந்து விநாடி போனது. பின்னாலிருந்து ஒருவன் அவரைத் தூங்கவேண்டாம் என்று கத்தினான். அவர் தூங்கவில்லை, அது எனக்குத் தெரியும், தூங்கும்போது அவர் காது சிவக்காது. அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

இந்த இடத்தில் எவல்தாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கள் பட்டியலில் அவன் ஐந்தாவதாகக்கூட இல்லை. பன்னிரண்டு வருடமாக நம் அணியில் பெஞ்சைச் சூடாக்கியவன், குட்டையன், மெதுவானவன், நடுவர் விசில் ஊதும் முன்பே வழக்காட ஆரம்பிப்பவன். ஊரில் அவனை 'வாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றும் ஐந்து தவறு செய்து வெளியே அனுப்பப்பட்டு, துண்டைக் கடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றான். ராமூனாஸ் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். பேனாவை நீட்டினார்.

"நீ சொல்லு" என்றார்.

எவல்தாஸ் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து மூன்றே கோடு போட்டான். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு மாதிரி சொன்னான். சென்டரிடம், "இடது பக்கம் திரும்பு. உன்னைத் தடுக்கிறவனுக்கு வலது முட்டி வலிக்குது, அரைமணி நேரமா நொண்டுறான், பார்க்கலையா?" என்றான். கேப்டனிடம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு எண்ணச் சொன்னான். பயந்துபோயிருந்த இன்னொருவனிடம், நீ தவறவிட்டாலும் ஒன்றும் ஆகாது, ஊரில் திட்டு வாங்க நான் இருக்கிறேன் என்றான். சென்டர் இடது பக்கம் திரும்பினான். பந்தும் விழுந்தது, தடுத்தவன் தவறு செய்ததால் கிடைத்த கூடுதல் எறிதலும் உள்ளே போனது. எதிரணியின் கடைசி எறிதல் தவறியது, ஒரு புள்ளியில் பிழைத்தோம். ப்ரோனியுஸ் அழுதார், அதைத் தங்கள் பத்திரிகையே படம் போட்டது. பேனா கை மாறிய படம் எங்கும் வரவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், பதினாறு வருடக் கல்யாணத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "எனக்கு எல்லாம் தெரியுது, அவுஷ்ரா. எவன் எங்க போவான், பந்து எங்க விழும், எல்லாம். ஆனா அது காலுக்குத் தெரியுது. வாய்க்குத் தெரியல. அவனுக்குக் காலு வரல, அதனால ஒவ்வொண்ணையும் உட்கார்ந்து யோசிச்சிருக்கான்." நான் கேலி எதுவும் செய்யவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவர் விலகினார், அவர் இடத்தில் எவல்தாஸை உட்கார வைத்தார்கள். பலகை இப்போது மீன் நறுக்கப் பயன்படுகிறது, அதற்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது.

ஆகவே ஐயா, அடுத்த முறை இப்படியொரு பட்டியல் போடுமுன் வீரர்களின் மனைவிமாரைக் கேளுங்கள். எவல்தாஸின் மனைவி சொன்னாள், அவன் வெளியூர் ஆட்டத்துக்குப் போன இடத்திலிருந்து போனிலேயே அவளைச் சலவை இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட வைத்தானாம். அவன் பயிற்சியாளர். தங்கள் பட்டியலில் இரண்டாமவர் ஊருக்கு வழி கேட்டவரிடம் "அப்படியே போங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடுபவர். நான்காமவர் ஏழு வயது மகனிடம் சீட்டாட்டத்தில் தோற்று ஒரு வாரம் பேசாமலிருந்தவர். நன்றாக ஆடியவனைவிட, ஏன் நன்றாக ஆட வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டவனைத் தேடுங்கள். இன்னும் இரண்டு அணிகள் தங்கள் கட்டுரையைக் காட்டி விசாரித்துவிட்டன. என் கணவர் பயிற்சியாளராவதற்குத் துளியும் லாயக்கில்லாதவர் என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

துணைவியாருக்கு என் அன்பு. தங்கள் பூனைக்கு ஆறு மாத ஊசி தாமதமாகிறது, கூட்டி வரவும். தாங்கள் நீண்ட நாள் வாழ்ந்து குறைவாக எழுத வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அவுஷ்ரா, கால்நடை மருத்துவர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் போன் வந்தது. லாட்வியாவில் ஓர் அணியின் மேலாளராம். எடுத்த எடுப்பிலேயே, "உங்க வீட்டுக்காரர் ஊமை மாதிரி நிப்பார்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டார். அந்த வார்த்தையை நான் சொல்லலாம், அவர் யார் சொல்ல? "தோக்கப்போற நேரத்துல தன் பேனாவை அடுத்தவன்கிட்ட நீட்டுற பயிற்சியாளர் உங்க நாட்டுல ஒருத்தர் இருந்தா சொல்லுங்க பார்ப்போம்" என்று ஆரம்பித்தவள், இருபது நிமிடம் நிறுத்தவில்லை. கடைசியில் அவர், எப்போது வந்து சேருவார் என்று கேட்டார். ஆகஸ்ட் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருட ஒப்பந்தம். எனவே மறுப்பு எதுவும் வெளியிட வேண்டாம், இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடவும். ராமூனாஸுக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஏரியில் நிம்மதியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்.